மருந்துக்கடைக்காரன் வாக்குமூலம்

கண்டரமாணிக்கத்தில் எனக்கு மருந்துக்கடை. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. டி.பார்ம். படித்தவன். ஊரில் பலர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; "டாக்டரண்ணே" என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒருநாளும் திருத்தியதில்லை. அந்த அழைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நாலு வருடத்துக்கு முந்தைய தை மாதம். என் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அறுபதாம் கல்யாணத்துக்கு, முதல் நாள் ராத்திரி என் மகள் வயிற்றுப் பேத்தி மூச்சு முட்டிச் சாகக் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. முந்திரி ஆகாத பிள்ளைக்கு முந்திரி அரைத்த குருமாவைச் சமையல் மாஸ்டர் ஊற்றிவிட்டார் என்று ஊர் பேசியது. இன்றும் பேசுகிறது. அது பொய். அந்தப் பொய்யை நான் கிளப்பவில்லை. கிளம்பியதை அடக்கவும் இல்லை. வாசிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டியது எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் பிள்ளையைப் பற்றி. கைக்குழந்தையிலேயே அவளுக்குக் கரப்பான். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து சொரசொரவென்று இருக்கும். இரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் பாயசத்து முந்திரியைக் கடித்தாள். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது. அதற்குப் பிறகு இழுப்பு வந்தது. எனக்கு இவை மூன்றும் வெவ்வேறு வியாதிகள். என் கடையில் தோலுக்கு ஒரு தட்டு, அலர்ஜிக்கு ஒரு தட்டு, இழுப்புக்கு ஒரு தட்டு. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

சென்னையில் அவளைப் பார்த்த டாக்டர் மூன்றையும் ஒன்றாகவே பார்த்தார். தோலில் தொடங்கி, சாப்பாட்டில் காட்டி, மூச்சுக்குழலுக்கு வந்து சேர்கிற இந்த வரிசை பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பதுதான் என்று என் மகளுக்கு விளக்கியிருக்கிறார். ஐஜிஇ என்கிற ஆன்டிபாடிக்கு மூன்றிலும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சாப்பாட்டு அலர்ஜி உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 29 பேருக்கு ஆஸ்துமாவும் இருந்தது. அலர்ஜி இல்லாத பிள்ளைகளில் 12 பேருக்குத்தான். இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. படிக்க வேண்டிய காலத்தில் படிக்கவில்லை.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். முந்திரியும் பிஸ்தாவும் கூடாது, அரைத்துக் கலந்ததும் கூடாது. காலையும் ராத்திரியும் ஸ்பேசர் வைத்துத் தடுப்பு இன்ஹேலர் இழுக்க வேண்டும், இழுப்பு இல்லாத நாளிலும். பையில் எப்போதும் அட்ரினலின் ஆம்பூலும் சிரிஞ்சும் இருக்க வேண்டும். வெளிநாடுகளில் தொடையில் வைத்து அழுத்தினால் தானே ஏறுகிற பேனா ஊசி இருக்கிறது. என் கடைக்கு அது வந்ததே இல்லை. அதனால் ஆம்பூலை உடைத்து, அளவு பார்த்து இழுத்து, தொடையின் வெளிப்பக்கத்துச் சதையில் குத்த என் மகளுக்கு அவரே பழக்கிவிட்டிருந்தார். கிலோவுக்கு 0.01 மில்லி. பேத்தி 20 கிலோ. ஆகவே 0.2 மில்லி.

மகள் அந்தச் சின்னப் பையைக் காட்டியபோது நான் சிரித்தேன். "இது ஐசியூ மருந்து ஆத்தா. இதப் போட்டா பிள்ளைக்கு நெஞ்சு படபடத்து என்னாகும்னு தெரியுமா?" என்றேன். அரைகுறையாகத் தெரிந்தவன் பயமுறுத்தினால் முழுதாகத் தெரிந்தவன் பேச்சு எடுபடாது. வீட்டில் எல்லாரும் என் பக்கம் நின்றார்கள். பையைப் பத்திரப்படுத்துகிறேன் என்று வாங்கி பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டினேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பச்சியை எதிர்த்துப் பேசிப் பழகாதவள்.

பொங்கல் லீவுக்குப் பிள்ளையை முன்கூட்டியே எங்களிடம் விட்டிருந்தார்கள். அந்த நாட்களில் நான் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. ஊதினால் பழகிவிடும், பெண்பிள்ளை, நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஓர் எண்ணம். மகள் போனில் கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சு, போட்டாச்சு" என்றேன்.

இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. அந்த இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு. அது நேராக மூச்சுக்குழலுக்குப் போகிறது. அதற்குப் பயந்த நான், இழுப்பென்று கடைக்கு வருகிற ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீட்டில்லாமல் கொடுத்துவந்த ஸ்டீராய்டு மாத்திரையில் ஒன்றுக்கு 500 மைக்ரோகிராம். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. மாத்திரை போட்ட பிள்ளை மறுநாள் சிரித்துக்கொண்டு வரும். தாய்மார் என்னைக் கும்பிடுவார்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்த டாக்டர்களை நான் கேலி பேசுவேன். உலகத்தில் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இந்தியர்கள் என்கிறார்கள். அந்தக் கணக்கில் என் கல்லாப்பெட்டிக்கும் பங்குண்டு.

இனிச் சமையல் மாஸ்டர். கல்லல் பக்கத்து ஆள். எங்கள் சுற்று வட்டாரத்தில் விசேஷம் என்றால் அவர்தான். சாமான் பட்டியல் எழுத வந்தவர் என்னிடம் கேட்டார்:

"அண்ணே, ராத்திரிப் பலகாரத்துக்கு இடியாப்பம், வெள்ளைக் குருமா. குருமாவுக்குப் பொட்டுக்கடலை, கசகசா, தேங்காய் அரைச்சுக்கிருவமா? ஒங்க பேத்திக்கு முந்திரி ஆகாதுன்னு ஆச்சி சொன்னாக."

கேட்டார். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அவர் கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: "அது பாயசத்துல மிதக்குறதுக்குச் சொன்னது. அவ ஒதுக்கிக்கிருவா. என் சாந்தியில பொட்டுக்கடலைக் குருமா ஊத்தி ஊரு சிரிக்கவா? முந்திரியே அரைங்க."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு என் கண் முன்னாலேயே பட்டியலில் முந்திரியை எழுதினார். பணம் கொடுக்கிறவன் சொல்கிறான், அவனோ மருந்துக்கடைக்காரன். அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

கண்ணுக்குத் தெரிகிற முந்திரியை ஒதுக்கலாம். அரைத்ததை எப்படி ஒதுக்குவாள்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். மாத்திரையைப் பொடித்து ஊட்டினாலும் அது மருந்துதான் என்று எத்தனையோ தாய்மாருக்குச் சொன்னவன் நான். விருந்துப் பெருமை வந்து நின்றதும் தெரிந்தது தெரியாமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வளவில் ஓமம். புகை அடைத்துக்கொண்டது. ராத்திரி பிள்ளைகளுக்கு முதல் பந்தி. மகளும் மருமகனும் பல்லவனில் வருகிற சம்பந்தி வீட்டாரை அழைக்கக் காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். பேத்தி என் பொறுப்பில். நான்தான் அவளை இலையில் உட்கார வைத்தேன். அவள் குருமாவைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல முந்திரி இருக்கா?" என்று கேட்டாள். "இல்லடா கண்ணு, சாப்புடு" என்றேன்.

ஏழு வயதுப் பிள்ளை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தாள். கேட்டாள். மாஸ்டரும் கேட்டார். இரண்டு பேருக்கும் பதில் சொன்னவன் நான் ஒருவன்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். நாக்கு குறுகுறுவென்கிறது என்றாள். காரமாக இருக்கும் என்றேன். வெள்ளைக் குருமாவில் என்ன காரம்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். விசேஷ வீட்டு எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கழுத்தில் இரண்டு மூன்று தடிப்பு. புதுப் பட்டுச் சட்டை அரிக்கிறது என்றேன். பிறகு இருமல், அதன் பின்னால் இழுப்பு. ஓமப் புகை என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. நாலையும் சேர்த்து வைத்து ஒரு பதில் தேட எனக்குத் தோன்றவில்லை.

நெபுலைசரைக் கடையிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். அவளுக்கு அடிக்கடி வருகிற இழுப்புதானே! மருந்தை ஊற்றி மாஸ்க்கை மாட்டினேன். கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. மறுபடி கூடியது. மறுபடி மருந்து ஊற்றினேன். சுற்றி நின்றவர்கள், "டாக்டரண்ணே இருக்காக, பயமில்ல" என்றார்கள். நானும் பயமில்லாதவன் போலவே உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் கட்டிப்போனது. உதடு வெளுத்தது.

இங்கேதான் ஆஸ்துமா ஆளை ஏமாற்றும். அலர்ஜி மட்டும் உள்ள பிள்ளை சாப்பிட்டதும் திணறினால் வீடே கலவரப்படும். ஆஸ்துமாவும் உள்ள பிள்ளை திணறினால், "இது வழக்கமானதுதான்" என்று தோன்றிவிடும். ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற மூச்சுக்குழலில் அலர்ஜி வந்து விழும்போது, அது மற்ற பிள்ளைகளைவிட வேகமாக அடைபடும். தடுப்பு இன்ஹேலரை நிறுத்தி அந்தக் குழலை வீங்கவிட்டவன் நான். நெபுலைசர் மருந்து மூச்சுக்குழலை மட்டும்தான் விரிக்கும். தொண்டை வீக்கத்தை அது வற்றவைக்காது. இறங்குகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அது பீரோவில் இருந்தது. கடையிலும் இருந்தது. கிளினிக்குகளுக்கு நானே விற்கிற ஆம்பூல்கள். கடைக்கும் வீட்டுக்கும் ஒரு தெருதான். நெபுலைசர் எடுத்துவரப் போன பையனிடம் இன்னொரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மறந்துவிட்டேனா? இல்லை. நினைவு வந்தது. பயமாக இருந்தது. ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் நான் போட்டதால் ஆனது என்பார்கள். போடாமல் ஏதாவது ஆனால் வியாதியால் ஆனது என்பார்கள். அந்த நேரத்தில் என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது.

மகள் வாசலில் இறங்கினாள். முகப்பிலிருந்து ஓடி வந்தவள் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "என்ன சாப்பிட்டா?" நான் புகை, பட்டு என்று ஏதோ சொன்னேன். அவள் இலையைப் பார்த்தாள். "அப்பச்சி, பை பீரோலதான இருக்கு?" அப்போதும் நான், "பொறு, இன்னொரு தரம் நெபுலைசர் வைப்போம்" என்றேன். அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. தன் ஆத்தாவின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பாவாடையை ஒதுக்கித் தொடையில் குத்தினாள். கை நடுங்கவில்லை. காலை உயர்த்திப் படுக்கவைத்தால் மூச்சு வாங்க முடியவில்லை என்று தன் மேல் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டாள். சில நிமிடத்தில் பிள்ளையின் உதட்டில் நிறம் வந்தது. என் முப்பது வருடச் சர்வீஸில் ஒரு மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி போட்டார்கள். டியூட்டி டாக்டர் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டே, "ஐயா என்ன தொழில் பண்றீங்க?" என்றார். "வியாபாரம்" என்றேன்.

ஒருமுறை அடங்கியது சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பலாம் என்று சொல்லி, 108 வண்டியில் மதுரைக்கு அனுப்பினார்கள். மகளும் மருமகனும் போனார்கள். நான் போகவில்லை. விடிந்தால் முகூர்த்தம். ஊரைக் கூப்பிட்டாயிற்று. வீட்டுக்கு வந்து குளித்து, மாலை போட்டுக்கொண்டு மனையில் உட்கார்ந்தேன். பேத்தி மதுரையில் ஆக்சிஜனில் இருந்தாள். என் சாந்தி ஆல்பத்தில் என் ஒரே மகளின் படம் இல்லை.

அன்று காலைப் பந்தியில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. மாஸ்டர் கவனமில்லாமல் முந்திரியைப் போட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். என்னிடம் வந்து, "அப்படியாண்ணே?" என்று கேட்டவர்களும் உண்டு. நான் தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. "என்ன பண்றது, நடந்துருச்சு" என்றேன். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த இரண்டு விசேஷங்களிலிருந்து அவரை நிறுத்தினார்கள். கொடுத்த முன்பணத்தையும் திரும்ப வாங்கினார்கள். அடுப்படியில் அவர் நின்றாலே பயம் என்று பேச்சு பரவியது. இப்போது திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் கூலிக்கு நிற்கிறார். போன வருடம் ஊருக்கு வந்தவரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன். அவரே வந்து பேத்தியை விசாரித்தார். போகும்போது, "நீங்க சொன்னதுன்னு நான் எங்கயும் வாய் தொறக்கல அண்ணே" என்றார். அது நன்றிக்காகச் சொன்னதா, குத்திக் காட்டவா என்று நான் ஆராயவில்லை. இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

அந்த ராத்திரிக்குப் பிறகு படித்தேன். 1992இல் அமெரிக்காவில் ஹ்யூ சாம்ப்சன் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாப்பாட்டு அலர்ஜியால் இறந்தவர்களும் சாவைத் தொட்டுத் திரும்பியவர்களுமாக 13 பிள்ளைகள். 2 வயது முதல் 17 வயது வரை. அதில் 12 பேருக்கு ஆஸ்துமா. 13 பேருக்குமே தங்களுக்கு அலர்ஜி உண்டென்று முன்பே தெரியும். தெரியாமல் சாப்பிட்டவர்கள், மிட்டாயில், பிஸ்கட்டில், கேக்கில் கலந்திருந்ததை. இறந்த 6 பேரில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அட்ரினலின் கிடைத்தது 2 பேருக்கு. பிழைத்த 7 பேரில் 6 பேருக்கு அரை மணிக்குள் கிடைத்திருக்கிறது. அந்த 12 பேரின் ஆஸ்துமாவும் கட்டுக்குள் இருந்ததாம். என் பேத்திக்கு அந்தக் கட்டையும் நான் அவிழ்த்துவிட்டிருந்தேன். பாக்கெட்டில் அடைத்து விற்கிற தின்பண்டத்தில் இன்னின்ன கலந்திருக்கிறது என்று அச்சிடச் சட்டம் இருக்கிறது. பந்தியில் வீட்டுக்காரன் வாய்தான் அந்த அச்சு.

எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இது வெள்ளைக்காரன் வியாதி, நம் ஊரில் கிடையாது என்பேன். 2020இல் வந்த ஓர் ஆய்வில், பெங்களூரு, மைசூரு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் சாப்பாட்டு அலர்ஜி 0.14 சதவீதம்தான். ஹாங்காங்கில் அது 1.5. ஆக, நம்மிடம் குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறைவானவர்களில் ஒருத்தி என் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். இழுப்புள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு நான் வழக்கமாகச் சொல்வது: வாழைப்பழம் கொடுக்காதே, தயிர் கொடுக்காதே, ஆரஞ்சு கொடுக்காதே. ஆஸ்துமா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்தச் சாப்பாடும் பகையில்லை. சோதிக்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. சாப்பிட வேண்டிய பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் செய்தேன். சாப்பிடக் கூடாத பிள்ளைக்கு இல்லை என்று பொய் சொல்லி ஊட்டினேன்.

இவ்வளவும் சொன்னவன் ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறேன். இது என் மனைவிக்கும் தெரியாது. "இல்லடா கண்ணு" என்று பேத்தியிடம் சொன்னபோது நான் பெருமைக்காக மட்டும் பொய் சொல்லவில்லை. 2015இல் லண்டனில் கிடியன் லாக் என்ற டாக்டரின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. அலர்ஜி வரும் வாய்ப்புள்ள 640 கைக்குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், கொடுத்த பிள்ளைகளிடம் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைவு. இதைப் பத்திரிகையில் அரைப் பத்தி படித்திருந்தேன். அது அலர்ஜி வராமல் தடுக்கக் கைக்குழந்தைப் பருவத்தில், சோதித்துப் பார்த்துச் செய்தது. வந்துவிட்ட பிள்ளைக்குச் செய்வதல்ல. எனக்குத் தலைப்பு மட்டும் மனதில் நின்றது. கொஞ்சம் பட்டுப் பழகட்டும், ஒன்றும் ஆகாவிட்டால் சென்னை டாக்டரை வென்றுவிடலாம் என்று உள்ளுக்குள் ஓடியது. என் பேத்தியை வைத்து நான் பந்தயம் கட்டினேன்.

அவளுக்கு இப்போது பதினொரு வயது. தடுப்பு இன்ஹேலர் விடாமல் எடுக்கிறாள், நன்றாக ஓடுகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. மகள் தனி அடுப்பில் சமைக்கிறாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாலும் பிள்ளை ஒரு முறை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள்.

கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இதைப் புண்ணியக் கணக்கில் எழுத வேண்டாம். சட்டம் முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொன்னது.

அந்த மாஸ்டரை நிறுத்திய இரண்டு வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அவர் கேட்டார், நான்தான் போடச் சொன்னேன். நீங்கள் திரும்ப வாங்கிய முன்பணத்தை இனி என்னிடம் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விசேஷத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.